வாசல் தேடி வந்த எழுத்து

பொருநைக்கரை வாசகர்கள் – 17

சென்ற இதழில் ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்ததையும், பள்ளிக்கூடமும் அச்சும் சேர்ந்து இந்த ஊரில் வாசிக்கிற ஒரு கூட்டத்தை உண்டாக்கியதையும் பார்த்தோம். ஆனால் அச்சடித்துவிட்டால் மட்டும் எழுத்து வாசகரிடம் போய்ச் சேர்ந்துவிடாது. அதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பல பத்திரிகைகள் வாழ்ந்திருக்கின்றன, மடிந்திருக்கின்றன. தபால் பையில் தொடங்கி இன்றைய இணையத்தின் ‘ஓடை’ வரைக்கும் நீளும் அந்த வழியைத்தான் இந்த இதழில் நடந்து பார்க்கப் போகிறோம்.

கடையத்திலிருந்து ஒரு சுற்றுக் கடிதம்

1920-ம் ஆண்டு. பாரதி கடையத்தில் இருக்கிறார். அவர் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர். மலையடிவாரம். ஊரை ஒட்டி ராமநதி. அது கடனாநதியில் சேர்ந்து, கடனாநதி திருப்புடைமருதூரில் தாமிரபரணி என்னும் பொருநையோடு கலக்கிறது. கடலூர்ச் சிறையிலிருந்து 1918 டிசம்பரில் வெளியே வந்த பாரதி நேரே இங்கேதான் வந்தார்.

அந்த ஆண்டு அவர் நண்பர்களுக்கு ஒரு சுற்றுக் கடிதம் அனுப்பினார். தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும் என்பது திட்டம். மொத்தம் 4 லட்சம் பிரதிகள். அதற்கான முதலை நண்பர்கள் கடனாகக் கொடுத்து உதவ வேண்டும் என்று கேட்டிருந்தார். பணம் வரவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் கடையத்தை விட்டுச் சென்னைக்குப் போய் மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் மறைந்தார்.

அந்தக் கணக்கைப் பார்த்துப் பலர் கனவு என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசகர்கள் இருக்கிறார்கள் என்பது பாரதிக்கு அனுபவத்தில் தெரியும். 1906-ல் சென்னையில் தொடங்கிய, பாரதி ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ வார இதழுக்குச் சந்தா வைத்த முறையே அதற்குச் சாட்சி. அரசாங்கத்துக்கு ஆண்டுச் சந்தா 50 ரூபாய். ஜமீன்தார்களுக்கும் பிரபுக்களுக்கும் அதைவிடக் குறைவு. சாதாரண வாசகருக்கு 3 ரூபாய். இருப்பவரிடம் கூடுதலாக வாங்கி, இல்லாதவர் கைக்கும் பத்திரிகை போய்ச் சேரும்படி வகுத்த திட்டம் அது.

அடக்குமுறை வந்ததும் 1908-ல் ‘இந்தியா’ புதுச்சேரிக்குப் போனது. அச்சுக்கூடம் பிரெஞ்சு எல்லைக்குள் பத்திரமாக இருந்தது. எழுதுகிறவர் இருந்தார். படிக்கிறவர்களும் இருந்தார்கள். ஆனால் பத்திரிகை போகிற வழி பிரிட்டிஷ் தபால் வழி. அதை மறித்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று தடை விழுந்ததும் 1910-ல் ‘இந்தியா’ நின்றது. அந்த அச்சுக்கூடத்தை யாரும் உடைக்கவில்லை. வழியை அடைத்தார்கள், அவ்வளவுதான்.

இந்தத் தொடரில் இனி வருகிற எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் பாடம். எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவே நிற்பவர் யார் என்பதை எப்போதும் கவனிக்க வேண்டும்.

சந்தா என்னும் உறவு

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். கடையில் தொங்கவிட்டு விற்பதில்லை, சந்தாதாரருக்கே அனுப்புவது, 2,000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. 1970 வரை 119 இதழ்கள் வந்தன. அந்தச் சின்ன வட்டத்துக்குள்தான் தமிழ்ப் புதுக்கவிதை வேர் பிடித்தது. அந்த வரலாற்றை எழுதி 1978-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றவர் நம் பொருநைக்கரை ராஜவல்லிபுரத்து வல்லிக்கண்ணன். தமிழ்ச் சிறுபத்திரிகைகளின் கதையையும் அவரே எழுதி வைத்துவிட்டுப் போனார்.

சந்தா கட்டுவது என்பது சாமான் வாங்குவது போன்றதல்ல. கடையில் வாங்குகிறவர் முன்னால் இருப்பதைப் புரட்டிப் பார்த்து வாங்குகிறார். சந்தாதாரர் இன்னும் எழுதப்படாத ஒன்றுக்கு முன்கூட்டியே ‘சரி’ என்கிறார். “நீங்கள் எழுதுங்கள், எனக்கு அனுப்புங்கள், நான் படிக்கிறேன்” என்கிற வாக்குறுதி அது. பத்திரிகை நடத்துகிறவரிடம் ஒரு பதிவேடு இருக்கும். மேல்விலாசங்கள், சந்தா முடிகிற மாதம், பாக்கி. அந்தப் பதிவேடுதான் பத்திரிகையின் உயிர்.

அச்சுக்குப் பணமில்லாதவர்கள் கையாலேயே எழுதிப் பத்திரிகை நடத்தினார்கள். வண்ணநிலவன் நடத்திய ‘பொருநை’ என்ற கையெழுத்துப் பத்திரிகையில் கலாப்ரியாவின் தொடக்ககாலக் கவிதைகள் வந்தன. ஒரே பிரதி, கைக்குக் கை மாறும். நதியின் பெயரை அதற்கு வைத்தது பொருத்தம்தான்.

இந்த உறவின் மறுகரையில் இருந்தவர் தி.க. சிவசங்கரன். ‘தாமரை’யின் ஆசிரியராக இருந்தவர், 2000-ம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்ற விமர்சகர் என்றெல்லாம் தி.க.சி.யை இலக்கிய உலகம் அறியும். நெல்லை டவுண் சுடலைமாடன் கோயில் தெரு அவரை அறிந்தது வேறொன்றுக்காக. வருகிற பத்திரிகைகளை, பெரிதோ சிறிதோ, எல்லாவற்றையும் படிப்பார். படித்ததும் ஓர் அஞ்சலட்டையை எடுத்து, எழுதியவருக்கு நாலு வரி எழுதுவார். முதல் கதை எழுதிய பையனுக்கும் அந்த அட்டை போகும். தமிழ்நாடெங்கும் எத்தனையோ பேர் தங்களை எழுத்தாளர் என்று நம்பத் தொடங்கியது அந்த அட்டை கைக்குக் கிடைத்த நாளில்தான். பத்திரிகை ஒரு வழியில் வந்தது. அட்டை மறு வழியில் போனது. இரண்டும் சேர்ந்தால்தான் அது உறவு.

குகா என்ற பெயர்

தபால் வழியைப் பார்த்தோம். இனி இணையத்தின் வழி. 1999 மார்ச் மாதம் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஒரு சின்ன வேலை நடந்தது. பல தளங்களின் புதுச் செய்திகளை ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும். அதற்குத் தளங்கள் எல்லாம் தங்கள் புதுத் தலைப்புகளை ஒரே மாதிரியான வடிவத்தில் எழுதி வைத்தால் நல்லது. அந்த வடிவத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர் டான் லிபி. மற்றவர் ராமநாதன் வி. குகா, சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். அதற்கு ஆர்எஸ்எஸ் என்று பெயர் வைத்தார்கள்.

நெட்ஸ்கேப் விரைவிலேயே அதைக் கைவிட்டது. டேவ் வைனர் அதை எடுத்து வளர்த்தார். அவர் 2002-ல் வெளியிட்ட 2.0 பதிப்புதான் இன்றும் புழக்கத்தில் இருப்பது. அந்தச் சுருக்கப் பெயருக்கு ‘மிக எளிய பகிர்மானம்’ என்று பொருள் சொன்னார்கள். இதற்குப் போட்டியாக ஆட்டம் என்ற இன்னொரு வடிவம் எழுந்து 2005-ல் தரமாக்கப்பட்டது. படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றே.

ஆங்கிலத்தில் ‘ஃபீட்’ எனப்படும் இதற்குத் தமிழில் ‘ஓடை’ என்று பெயர் வைத்தார்கள். ‘செய்தியோடை’ என்றும் சொல்வதுண்டு. பல ஓடைகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவதற்குத் ‘திரட்டி’. இரண்டுமே இணையத்தில் எழுதிய தமிழர்கள் புழங்கி நிலைக்கவைத்த சொற்கள்.

மடையை எட்டிப் பார்க்கிறவர்

ஓடை என்கிறோமே, அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டால் பிறகு குழப்பம் வராது. நம் ஊர்க்காரருக்கு இது எளிது.

பொருநையில் எட்டு அணைக்கட்டுகள். அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால்வாய், பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிந்து போகிறது. கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று வயலில் நின்றுகொண்டு தெரியாது. நீர்பாய்ச்சுகிறவர் மண்வெட்டியோடு போய் மடையைப் பார்த்துவிட்டு வருவார். வந்திருந்தால் வயலுக்குத் திருப்பிவிடுவார்.

இணையத்து ஓடையும் அப்படித்தான். பெயர் ஓடை என்றாலும் அது தானாக ஓடி வருவதில்லை. ஒரு தளத்தில் புதிதாகக் கட்டுரை ஏறியதும், அந்தத் தளம் ஒரு சின்னக் கோப்பில் அதைக் குறித்து வைக்கிறது. தலைப்பு, முகவரி, எழுதிய நேரம், சுருக்கம் அல்லது முழுக் கட்டுரை. கடைசியாக வந்த பத்து, இருபது கட்டுரைகளின் விவரம் அந்தக் கோப்பில் வரிசையாக இருக்கும். அலங்காரம் கிடையாது, விளம்பரப் பட்டைகள் கிடையாது, வெறும் எழுத்து.

உங்கள் கைபேசியிலோ கணினியிலோ இருக்கும் ஓடை வாசிப்பான்தான் நீர்பாய்ச்சுகிறவர். நீங்கள் கொடுத்த பட்டியலில் உள்ள ஒவ்வொரு தளத்துக்கும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அது போய் வரும். “நான் போன தடவை வந்த பிறகு ஏதாவது மாறியதா?” என்று கேட்கும். மாறவில்லை என்றால் தளம் 304 என்ற எண்ணைப் பதிலாகக் கொடுக்கும். வாசிப்பான் வெறுங்கையோடு திரும்பும். மாறியிருந்தால் புதுக் கோப்பை வாங்கிவந்து, உங்கள் முன் தேதி வரிசையில் வைக்கும்.

இதில் ஒரு பெரிய மாற்றம் அடங்கியிருக்கிறது. பழைய சந்தாவில் பதிவேடு பத்திரிகைக்காரரிடம் இருந்தது. ஓடையில் பதிவேடு உங்களிடம் இருக்கிறது. உங்கள் பெயர், மேல்விலாசம், மின்னஞ்சல் எதையும் எழுதுகிறவரிடம் கொடுக்க வேண்டியதில்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் அடுத்த நிமிடமே சந்தா முடிந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம். நடுவில் நின்று, இது உனக்கு வேண்டும், அது வேண்டாம் என்று தீர்மானிக்க ஒருவரும் இல்லை.

தமிழ்மணம்

2003-ல் தமிழில் வலைப்பதிவுகள் முளைத்தன. யார் யார் எழுதுகிறார்கள் என்று கனடாவிலிருந்து மதி கந்தசாமி ஒரு பட்டியல் வைத்திருந்தார். பட்டியலில் பெயர் இருக்கும். ஆனால் இன்று புதிதாக எழுதியவர் யார் என்பதை ஒவ்வொரு கதவாகத் தட்டித்தான் பார்க்க வேண்டும். 2004-ல் கோவைக்காரரான காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ என்ற திரட்டியைத் தொடங்கினார். பதிவு செய்துகொண்ட வலைப்பதிவுகளின் ஓடைகளை அது வாசித்து, சற்று முன் எழுதப்பட்டவற்றை ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டியது.

அது நடந்ததற்கு ஒருங்குறி என்னும் யூனிகோட் ஒரு முக்கியக் காரணம். அதற்கு முன்பு ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு. ஒன்றின் எழுத்து இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரியும். பல பேர் எழுத்தை ஒரே பக்கத்தில் சேர்க்கவே வழியில்லை. பதிவர்கள் ஒருங்குறியில் எழுதத் தொடங்கிய பிறகுதான் மதுரைக்காரர் தலைப்பும் யாழ்ப்பாணத்தார் தலைப்பும் சிங்கப்பூர்க்காரர் தலைப்பும் அடுத்தடுத்த வரிகளில் நிற்க முடிந்தது.

அந்தக் காலத்தில் பாளையங்கோட்டையில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தமிழ்மணம் திறந்த நாள்கள் எனக்கு நினைவிருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்திருப்போம். ஒவ்வொரு தளமாகத் திறந்து பார்த்தால் பாதி நேரம் காத்திருப்பதிலேயே போய்விடும். திரட்டியில் ஒரே பார்வையில் இருபது, முப்பது தலைப்புகள். நான் அறிந்திராத ஒரு பெண்மணி டொராண்டோவில் உட்கார்ந்து தன் பாட்டி வைத்த குழம்பைப் பற்றி எழுதியதை, எழுதிய அன்றைக்கே படித்தேன். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. யாரும் திருப்பி அனுப்பவும் இல்லை. பாரதியின் சுற்றுக் கடிதத்துக்கு வராத பதில், 84 ஆண்டுகள் கழித்து வேறு ஊர்களிலிருந்து வந்ததுபோல் இருந்தது.

பின்னூட்டங்களையும் தமிழ்மணம் திரட்டிக் காட்டியது. யார் எழுதினார்கள் என்பதோடு, எங்கே பேச்சு நடக்கிறது என்பதும் தெரிந்தது. தி.க.சி. அட்டையின் வேலையை அங்கே பின்னூட்டங்கள் செய்தன.

நம் ஊரின் எழுத்தும் அந்த வழியில் வந்தது. திருநெல்வேலியின் பழம்பெயர்களில் ஒன்றான ‘வேணுவனம்’ என்ற பெயரிலேயே எழுத்தாளர் சுகா தம் தளத்தை வைத்தார். இணைய இதழான ‘சொல்வனம்’ வழியாக வந்த அவர் கட்டுரைகள் ‘தாயார் சன்னதி’ என்ற நூலாயின. டவுண் ரத வீதிகளின் பேச்சும் வாசனையும் முதலில் திரையில் வந்து, பிறகுதான் அச்சுக்குப் போயின.

ஒரு ஜூலை முதல் தேதி

2005-ல் கூகுள் ‘ரீடர்’ என்ற ஓடை வாசிப்பானைக் கொண்டுவந்தது. நன்றாக இருந்தது. இலவசம். உலகம் முழுவதும் ஓடை படிக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். அதனாலேயே மற்ற வாசிப்பான்கள் வாடின. பயன்பாடு குறைகிறது என்று சொல்லி, அதை மூடப்போவதாக 2013 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. அந்த ஜூலை 1-ம் தேதி ரீடர் மூடப்பட்டது. ஓடைகள் அழியவில்லை. எல்லாத் தளங்களிலும் அந்தக் கோப்புகள் முன்போலவே இருந்தன. ஆனால் தங்கள் பதிவேட்டை ஒரே கடையில் வைத்திருந்தவர்கள் திகைத்துப்போய், பலர் படிப்பதையே விட்டார்கள்.

அதற்குள் ஃபேஸ்புக் எல்லாரையும் இழுத்துக்கொண்டிருந்தது. 2006-லேயே அது தன் முகப்புப் பக்கத்துக்கு ‘நியூஸ் ஃபீட்’ என்று பெயர் வைத்திருந்தது. பெயர் ஒன்று, பொருள் வேறு. ஓடையில் நீங்கள் கேட்டது, எழுதப்பட்ட தேதி வரிசையில் வரும். அங்கே எது முதலில், எது கடைசியில், எது வரவே வேண்டாம் என்பதை நிறுவனத்தின் கணக்கு முடிவு செய்கிறது. நீங்கள் விரும்பிப் பின்தொடர்கிற எழுத்தாளர் நேற்று எழுதியது உங்கள் கண்ணில் படாமலே போகலாம். புதுச்சேரியிலிருந்து வந்த பொட்டலத்தை நிறுத்திய கை வெளிப்படையாக நிறுத்தியது. இந்தக் கை நிறுத்துவது தெரிவதேயில்லை. அதனால்தான் இது எனக்குக் கூடுதல் கவலை தருகிறது.

இன்றும் ஓடுகிறது

ஓடை செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் தினமும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். பாட்காஸ்ட் என்னும் ஒலித் தொடர்கள் பெரும்பாலும் இதே ஆர்எஸ்எஸ் கோப்பின் மேல்தான் நிற்கின்றன. கோப்பில் கட்டுரைக்குப் பதிலாக ஒலியின் முகவரி இருக்கும், அவ்வளவே. வேர்ட்பிரஸ், பிளாகர் இரண்டிலும் நடக்கும் தளங்களுக்கு ஓடை தானாகவே உண்டாகிவிடுகிறது. எழுதுகிறவருக்கே அது தெரியாமல் இருப்பதும் உண்டு.

நீங்கள் தொடங்க வேண்டுமானால் அரை மணி நேரம் போதும். ஃபீட்லி, இனோரீடர் போன்ற வாசிப்பான்களில் ஒன்றைக் கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளே ஓடையும் வாசிக்கும். சேர்க்கும் இடத்தில் உங்களுக்குப் பிடித்த தளத்தின் முகவரியை இடுங்கள். பெரும்பாலும் வாசிப்பானே ஓடையைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால், வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடிட்டு ‘ஃபீட்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். தலைப்பும் இரண்டு வரியும் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். சில தளங்கள் அவ்வளவுதான் கொடுக்கும், மீதியை அங்கே போய்ப் படிக்க வேண்டும்.

பத்துத் தளங்களுக்கு மேல் முதலில் சேர்க்காதீர்கள். நாளொன்றுக்கு நூறு செய்தி போடும் தளத்தைச் சேர்த்தால், மாதம் ஒருமுறை எழுதுகிறவரின் கட்டுரை அதில் மூழ்கிவிடும். ஓடையின் உண்மையான பயன் அந்த மாதம் ஒருமுறை எழுதுகிறவருக்குத்தான். அவர் மூன்று மாதம் மௌனமாக இருந்துவிட்டு எழுதினாலும், எழுதிய அன்று உங்கள் வாசலில் அது வந்து நிற்கும்.

இன்னொன்றை மறக்காமல் செய்யுங்கள். எல்லா நல்ல வாசிப்பான்களிலும் உங்கள் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ள வசதி உண்டு. அந்தக் கோப்புக்கு ஓபிஎம்எல் என்று பெயர். அதுதான் உங்கள் சந்தாப் பதிவேடு. ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறுவனம் எப்போது கடையை மூடினாலும், அதை இன்னொரு வாசிப்பானில் கொடுத்து அன்று மாலையே படிக்கத் தொடங்கிவிடலாம்.

ஓடையில் ஒரு குறையும் இருக்கிறது. பதிவேடு உங்களிடம் இருப்பதால், நீங்கள் படிப்பது எழுதுகிறவருக்குத் தெரியாது. செல்லப்பாவுக்குத் தம் சந்தாதாரர்களின் பெயர் தெரியும். இன்று ஓர் இரவு கண்விழித்து எழுதிப் போடுகிறவருக்கு, அம்பாசமுத்திரத்தில் ஒருவர் காலைக் காப்பியோடு அதைப் படிக்கிறார் என்பது தெரிய வழியே இல்லை. யாரும் படிக்கவில்லை என்று நினைத்து நிறுத்திவிட்டவர்கள் பலர்.

அதற்கு மருந்து சுடலைமாடன் கோயில் தெருவில்தான் இருக்கிறது. படித்தது பிடித்திருந்தால், எழுதியவருக்கு அன்றே நாலு வரி எழுதிவிடுங்கள்.

(தொடரும்)